இடிவதற்கு முன் அளந்து வையுங்கள்

சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், பாலாவி, புத்தளம், நுரைச்சோலை, கற்பிட்டி வரையுள்ள பாடசாலைகளில் வரலாறும் சித்திரமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



நான் படவரைஞராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சிறுவயதில் நான் மழைக்கு ஒதுங்கிய மடம் ஒன்று களப்போரத்தில் இருந்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், நான்கு முதிரைத் தூண்கள், பீலி ஓட்டுக் கூரை. சில ஆண்டுகளுக்கு முன்பு அதை இடித்துவிட்டுச் சீமெந்தில் வேறு கட்டடம் எழுப்பினார்கள். இடித்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கூரை சரிந்திருந்தது, பிள்ளைகள் விளையாடும் இடம், யார் தலையிலாவது விழுந்திருக்கும். என் துக்கம் வேறு. அந்த மடம் எத்தனை அடி நீளம், சுவர் எவ்வளவு கனம், தூணின் தலையில் என்ன கொத்துவேலை இருந்தது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. காலமெல்லாம் கட்டடம் வரைந்த நானும் அதை வரையவில்லை. இன்று அந்த மடத்துக்கு மிஞ்சிய ஒரே சாட்சி ஒரு வீட்டுக் கலியாணப் படம். மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பின்னால் ஒரு தூணின் பாதி தெரிகிறது.

இந்தத் துக்கத்தோடுதான் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றி உங்களுக்கு எழுத வந்தேன். அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, தள்ள வேண்டியது ஒன்று. இரண்டையும் உங்கள் வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை.

ஜேம்ஸ் பேர்குசன் 1808 ஜனவரி 22ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ஏர் என்ற கரையோர ஊரில் பிறந்தார். தகப்பன் இராணுவ வைத்தியர். எடின்பரோவில் பள்ளிப் படிப்பு. பிறகு கல்கத்தாவில் வியாபாரம், அதன் பின் அவுரிச் சாயத் தொழில். பத்தாண்டுக்குள் வாழ்நாளுக்குப் போதுமான பணம் சேர்ந்துவிட்டது. வேறு யாராயிருந்தாலும் ஊருக்குத் திரும்பி வளவு வாங்கிக் குந்தியிருப்பார்கள். அவரோ 1835க்கும் 1842க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தியாவின் குறுக்கும் நெடுக்குமாக அலைந்தார். அஜந்தா, எல்லோரா, ஒரிசா, மாமல்லபுரம் என்று போன இடமெல்லாம் கட்டடங்களை அளந்தார், வரைந்தார்.

கட்டடக் கலை அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. கையில் இருந்தவை ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கமெரா லூசிடா என்ற சின்னக் கருவியும். ஒரு தண்டின் நுனியில் பொருத்திய பட்டகக் கண்ணாடிதான் அந்தக் கருவி. அதனூடாகக் கீழே பார்த்தால் எதிரில் உள்ள கட்டடத்தின் உருவம் காகிதத்தின் மேல் விழுந்ததுபோலத் தோன்றும், பென்சிலால் அந்த விளிம்பைத் தொடர்ந்து போகலாம். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அதற்கு முன்பே ஒரு வியாபாரி வெயிலில் குந்தி, ஒரு தூண் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

லண்டனுக்குத் திரும்பியதும் 1843இல் ரோயல் ஆசியக் கழகத்தில் குடைவரைக் கோயில்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். குகைகள் அழிகின்றன, காப்பாற்றுங்கள் என்பது அதன் சாரம். கழகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டது. அதன் பலனாக 1844இல் ரொபர்ட் கில் என்ற இராணுவ அதிகாரி அஜந்தா ஓவியங்களைப் பிரதி எடுக்க அனுப்பப்பட்டார். ஆண்டுக்கணக்கில் குகைக்குள் இருந்து அவர் தீட்டிய பெரிய படங்கள் லண்டனின் பளிங்கு மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அந்த மாளிகையில் தீப்பிடித்தது. படங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின. இந்தக் கதையை மறக்காதீர்கள், கடைசியில் ஒரு வேலைக்காக இதற்குத் திரும்பி வருவேன்.

பேர்குசனின் மற்றப் பணிகளை விரைவாகச் சொல்கிறேன். 1845இல் குடைவரைக் கோயில்கள் பற்றிய படத்தொகுதி. 1856 முதல் 1858 வரை பளிங்கு மாளிகைக் கம்பெனியின் பொது முகாமையாளர். கோட்டை கட்டும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார், அதனால் பிரித்தானியாவின் கரைப் பாதுகாப்பை ஆராய்ந்த ஆணைக்குழுவில் இடம் கிடைத்தது. 1871இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. 1876இல் இந்திய, கீழைத்தேயக் கட்டடக் கலை வரலாறு வெளிவந்தது. அந்தப் பெருநூலில் இலங்கைக்கும் தனி இடம் உண்டு. அவரே திட்டமிட்ட கட்டடம் ஒன்றை இன்றும் போய்ப் பார்க்கலாம். மரியான் நோர்த் என்ற ஓவியர் உலகெங்கும் சுற்றித் தீட்டிய செடிகொடிப் படங்களுக்காக லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடம் அது. அந்த அம்மையார் நம் நாட்டுக்கும் வந்து வரைந்தவர். பேர்குசன் 1886 ஜனவரி 9ஆம் திகதி லண்டனில் காலமானார்.

உலகத்துக் கட்டடங்களை எல்லாம் ஒரே வரிசையில் வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிய முன்னோடி அவர். தஞ்சைப் பெரிய கோயில் ஒரே திட்டத்தில் நினைத்துக் கட்டப்பட்டது என்பதைக் கண்டு மெச்சினார். மன்னார்க் கடலுக்கு அக்கரையில் இருக்கும் இராமேஸ்வரத்துப் பிராகாரங்கள் அவரை அசத்தின. திராவிடக் கலையின் எல்லா அழகையும் எல்லாக் குறையையும் ஒரே கோயிலில் காட்டவேண்டுமானால் இராமேஸ்வரத்தைக் காட்டலாம் என்று எழுதினார். இந்தியாவில் கட்டடக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது, ஐரோப்பாவில் தேவாலயங்கள் எழுந்த நூற்றாண்டுகளில் கொத்தர்கள் எப்படி வேலை செய்தார்களோ அப்படியே இங்கு இன்றும் செய்கிறார்கள் என்றும் எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு தூணைத் தொட்டே அதன் மரம் எந்தக் காட்டது என்று சொன்ன தச்சு பாஸ்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதே கைதான் வேறொன்றையும் எழுதியது. இந்தியக் கலையின் வரலாறு ஓர் இறங்குமுகம் என்பது பேர்குசனின் தீர்ப்பு. பழையது சிறந்தது, பிந்தியதெல்லாம் தேய்வு. தென்னாட்டுக் கோயிலில் கர்ப்பக்கிருகம் சிறிதாகவும் வெளிச்சுற்றுக் கோபுரங்கள் மேலும் மேலும் பெரிதாகவும் இருப்பதைப் பெரும் பிழையாகக் கண்டார். உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருகிறது, பார்க்க வந்தவனுக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது என்பது அவர் முறைப்பாடு.

சிலாபத்துக்குப் பக்கத்து முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போன எந்தக் கிழவியையும் கேட்டிருந்தால் இதற்குப் பதில் கிடைத்திருக்கும். கோயிலுக்குப் போகிறவர் கோபுரத்தைப் பார்க்கப் போவதில்லை. தூரத்து வயலில் நிற்பவரும் கும்பிட்டுக்கொள்ளக் கோபுரம் உயர்ந்து நிற்கிறது. உள்ளே நடக்க நடக்க வெளிச்சம் குறைகிறது, கூரை தாழ்கிறது, பேச்சு அடங்குகிறது, கடைசியில் ஒரு விளக்கின் சுடரில் மூர்த்தியின் முகம். சிறுத்துக்கொண்டே போவதுதான் அந்தக் கட்டடத்தின் நோக்கம். நாடா பிடித்து அளந்தவர் அந்த வழியால் கும்பிடப் போனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் விட்ட பிழை அதுதான்.

கேட்காதது மட்டுமல்ல, பேச வந்தவரையும் அவர் அடக்கப் பார்த்தார். வங்காளத்து அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா ஒரிசாவின் தொல்சின்னங்கள் பற்றி 1875இலும் 1880இலும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டவர். இந்தியாவின் கற்கட்டடக் கலை பிறரைப் பார்த்துத் தொடங்கியது என்ற கருத்தை அவர் மறுத்தார். பேர்குசன் 1884இல் அவரைத் தாக்கி ஒரு நூலே எழுதினார். வாதம் கல்லைப் பற்றியதாக மட்டும் நிற்கவில்லை. இந்திய நீதவான்கள் ஐரோப்பியரை விசாரிக்கலாமா என்று இல்பர்ட் சட்டமூலத்தின் மேல் சண்டை நடந்த காலம் அது. சுதேசிகளுக்கு அந்தத் தகுதி உண்டா என்ற கேள்வியையும் தன் நூலுக்குள் இழுத்துவந்தார். அடுத்த ஆண்டே, 1885இல், வங்காள ஆசியக் கழகத்துக்கு மித்ரா தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

மித்ராவால் எதிர்த்துப் பேச முடிந்தது எதனால்? அவரிடமும் அளவுகளும் படங்களும் இருந்தன. என் மடலின் ஆணிவேர் இது. அளந்து வைத்திருக்கும் ஒருவரோடு வாதாட, நாமும் அளந்திருக்க வேண்டும். நம்மிடம் கலியாணப் படத்தில் தெரியும் பாதித் தூண் மட்டுமே இருந்தால், வெளியிலிருந்து வருகிறவர் எழுதுவதே வரலாறாகிவிடும்.

அப்படி எழுதி வைத்தவர்கள் நம் பக்கத்திலும் முன்பே இருந்தார்கள். 1834ஆம் ஆண்டை உங்கள் மாணவர்களின் மனத்தில் பதியச் செய்யுங்கள். அந்த ஆண்டில் லண்டனில் இந்துக்களின் கட்டடக் கலை பற்றிய ஒரு நூலை ரோயல் ஆசியக் கழகம் அச்சிட்டது. எழுதியவர் தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் நீதவானாக இருந்த ராம் ராஸ். மானசாரம் முதலிய சிற்ப நூல்களில் உள்ள கடினச் சொற்களுக்குப் பண்டிதர்களால் பொருள் சொல்ல முடியாதபோது, தஞ்சாவூர்ச் சிற்பி ஒருவரின் துணையோடு அவற்றை விளங்கிக்கொண்டு படங்களோடு எழுதியவர் அவர். நூல் கையில் வருமுன் காலமாகிவிட்டார். பின்னாளில் பேர்குசனே அந்த நூலிலிருந்து எடுத்தாண்டார்.

அதே 1834இல் நம் கரையைச் சேர்ந்த ஒருவரின் நூலும் அச்சேறியது. கற்பிட்டியில் 1807 மார்ச் 21ஆம் திகதி பிறந்த சைமன் காசிச் செட்டியின் இலங்கை அகராதிதான் அது. நாட்டின் ஊர்களையும் ஆறுகளையும் பிரிவுகளையும் அகர வரிசையில் விவரித்த அந்த நூலை எழுதியபோது அவருக்கு வயது 27. புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர், சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர், சிலாபத்தில் நீதிபதியாக இருந்தவர். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்ற பெயரில் வெளியிட்டு, 1860இல் மறைந்தார். பேர்குசனைவிட ஒரு வயது மூத்தவர். ஸ்கொட்லாந்துக்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு புறப்படுமுன்பே கற்பிட்டிப் பிள்ளை ஒருவர் நாட்டையே எழுத்தில் அளந்து முடித்திருந்தார். இதைவிட நல்ல பாடம் நம் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கும்? ஊரூராய்த் தகவல் திரட்டி எழுதியவர் காசிச் செட்டி. சிற்பியிடம் கேட்டு எழுதியவர் ராம் ராஸ். அளந்து எழுதியவர் பேர்குசன். மூன்றையும் ஒரு வகுப்பு சேர்த்துச் செய்யலாம்.

நம் கரையில் அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை இருக்கிறது. முருகைக்கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் வைத்து எழுப்பிய அந்தச் சுவர்கள் களப்பின் வாசலைப் பார்த்து நிற்கின்றன. அருகிலே அவர்களின் பழைய தேவாலயம். தலவிலில் 1843இல் எழுந்த புனித அன்னம்மாள் தேவாலயம், அதன் முதிரைத் தூண்கள். முன்னேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள், 1753இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் மீண்டது, 1875இல் குமாரசுவாமிக் குருக்களின் முயற்சியால் மறுபடி புதுப்பிக்கப்பட்டது. தென்னாட்டுக் கோயிற் கலை தேய்ந்துவிட்டது என்று லண்டனில் பேர்குசனின் நூல் அச்சாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், சிலாபத்துக்குப் பக்கத்தில் கொத்தர்கள் சாரம் கட்டி நின்றிருக்கிறார்கள். உடப்பில் ஆடி மாதத்தில் தீமிதிக்கும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. அந்த அம்மன் பெயரால் மாமல்லபுரத்தில் நிற்கும் ரதம் ஓர் ஓலைக் குடிசையின் கல்வடிவம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஊரிலுள்ள ஒரு கிடுகு வாடியின் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியக் கட்டடங்களின் கல் வடிவங்கள் பல மரத்திலும் மூங்கிலிலும் பிறந்தவை என்று பேர்குசன் திரும்பத் திரும்ப எழுதினார். அந்த இடத்தில் அவர் கண் தப்பவில்லை.

பெயர்பெற்ற கட்டடங்களுக்கு யாராவது வருவார்கள். அநுராதபுரத்துத் தூபிகளை 1870களில் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர் அளந்து வரைந்தார், அவை 1894இல் நூலாயின. 1890இல் தொல்பொருள் ஆய்வுக்கென்று தனி அமைப்பே வந்துவிட்டது. எனக்குக் கவலை பெயரில்லாதவற்றைப் பற்றியது. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடுகள், களப்போரத்துப் பண்டகசாலைகள், பள்ளிவாசலின் பழைய தண்ணீர்த் தொட்டி, ஊர்க் கிணற்றின் கட்டு, பாதையோரத்துச் சுமைதாங்கிக் கல், மீன்வாடி. முருகைக்கல் தோண்டுவது இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது சரியான சட்டம், கடலைக் காப்பது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பாலாவியில் சீமெந்து ஆலை இருக்கிறது, நாளைக்கும் சீமெந்து வரும். முருகைக்கற் சுவர் ஒன்று விழுந்தால் அதைப்போல் இன்னொன்றை இனி யாரும் கட்டப்போவதில்லை. அதன் கனம், அதன் சாந்து, மூலையில் கல்லை அடுக்கிய விதம் எல்லாம் அதோடு போய்விடும்.

வேலை எளிது. அளவு நாடா ஒன்று, தூக்குக்குண்டு ஒன்று, ரசமட்டம் ஒன்று, கட்டம் போட்ட கணிதக் கொப்பி ஒன்று, நாலு பிள்ளைகள். உரியவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது, அங்கே பாடசாலையின் கடிதத்தோடு போங்கள். கோயிலென்றால் தர்மகர்த்தா, பள்ளிவாசலென்றால் நிருவாகத்தார், தேவாலயமென்றால் பங்குத்தந்தை. சுவரைச் சுரண்டவோ தோண்டவோ கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அறையின் நாலு பக்கத்தை அளந்தால் போதும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மூலைக்கு மூலை குறுக்கேயும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துவராவிட்டால் அறையின் மூலைகள் செங்கோணமில்லை. பழைய அறைகளின் மூலைகள் பெரும்பாலும் செங்கோணமாக இருப்பதில்லை. அதை நேராக்கி வரைந்துவிடாமல் இருப்பதுபோலவே வரைய வேண்டும். என் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதற் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். கணித ஆசிரியர்களுக்கு இதில் பைதகரசு தேற்றம் இருக்கிறது, அளவுத்திட்டம் இருக்கிறது, பிள்ளைகள் கேட்கும் "இது எதுக்கு சேர் படிக்கிறோம்" என்ற கேள்விக்குப் பதிலும் இருக்கிறது.

பிறகு, பேர்குசன் செய்யாததைச் செய்யுங்கள். அந்தக் கட்டடத்தில் வேலை செய்த மேசன் பாஸ் யாராவது உயிரோடு இருந்தால் அவர் வாசலில் போய் இருந்து கேளுங்கள். சாந்தில் என்ன சேர்த்தீர்கள், எத்தனை நாள் ஊறவிட்டீர்கள், இந்த வளைவுக்குப் பெயர் என்ன? அவர் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். தமிழோ சிங்களமோ, பாஸ் என்ற பட்டத்தைப் போல ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லோ, எதுவானாலும் திருத்த வேண்டாம். அந்தக் கட்டடத்துக்கு வந்துபோன பெண்களிடம் அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். கட்டியவருக்கும் புழங்கியவருக்கும் தெரிந்தது படத்தின் ஓரத்தில் இருந்தால்தான் படம் முழுமையாகும்.

இப்போது கில்லின் எரிந்துபோன படங்களுக்கு வருகிறேன். ஒரே பிரதி, ஒரே மாளிகை, ஒரு தீ. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று அந்தக் கட்டடத்துக்கு உரியவர்களின் கையில். தொலைபேசியில் பிடித்த படம் போதுமென்று சொல்லாதீர்கள். படம் முகத்தைக் காட்டும், சுவரின் கனத்தைக் காட்டாது.

வருகிற விடுமுறையில் ஒரே ஒரு கட்டடத்தை எடுங்கள். பெரியது வேண்டாம், உங்கள் பாடசாலைக்கு நடக்கும் தூரத்தில் உள்ள ஒரு பழைய கிணறு போதும். படத்தின் கீழே அளந்த பிள்ளைகளின் பெயர்களையும் பதில் சொன்ன மேசனின் பெயரையும் திகதியையும் எழுத மறக்காதீர்கள். வரைவதில் சந்தேகம் வந்தால் உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கூப்பிடுங்கள். வருவார்.

அன்புடன்,
களப்போரத்து ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்